கோட்டுக்கு முன்னால் நின்ற வண்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் ஆமைக்கு ரேஸ். ஆமை என்பது அவளுடைய அண்ணன் வைத்த பெயர். வீடியோ கேமில் அவள் வண்டிக்கு மேலே மிதக்கும் பெயரும் அதுதான். அண்ணனின் பெயர் புயல். அதை அவனே தனக்குச் சூட்டிக்கொண்டான். அடுத்தவருக்குப் பெயர் வைக்கும்போது இருக்கிற நியாயம் தனக்கென்று வரும்போது யாருக்குத்தான் இருக்கிறது?

வாரம் முழுக்க அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறைதான் உலகம். வட்ட வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு அரைத்து, விளிம்பை வழித்து, திருகு முடுக்கி முன்னால் அனுப்ப வேண்டும். இயந்திரம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அரைக்கும். அதன் இரைச்சலில் யாரும் அவளோடு பேச மாட்டார்கள், பேசினாலும் கேட்காது. மாலையில் நகக்கண்ணிலிருந்து வெள்ளைத் தூளைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அப்பா பஸ் ஓட்டுநர். அவர் இருக்கும்போது அவள் இருக்க மாட்டாள், அவள் இருக்கும்போது அவர் எங்கோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருப்பார். அம்மா அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டாள்.

அண்ணன் வீட்டில் இருந்தவரை டிவி திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல் பாதி அவனுக்கு, கீழ்ப் பாதி அவளுக்கு. ஒரே சோபாவில் முழங்கை இடிக்க உட்கார்ந்து ஓட்டுவார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் வந்தால் போதும், அவளை ஆற்றுக்குள் தள்ளிவிட்டுக் கூரை அதிரச் சிரிப்பான். "அழுறதா இருந்தா ஆட்டத்துக்கு வராத!" என்பான். சாப்பாட்டுத் தட்டோடு நின்று பார்க்கும் அப்பா, "இதுங்க ரெண்டுக்கும் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு கல்யாணமாகி, கிடங்கு வேலையில் மாற்றலாகி, அண்ணன் தொலைவில் ஒரு ஊருக்குப் போனான். பழைய கேம் பெட்டியை அவளிடமே விட்டுவிட்டு, தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல உன்னை ஆத்துல தள்ளுவேன், கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது முழுத் திரையும் அவளுக்கே. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டே ஓட்டினார்கள். அப்புறம் போன் நின்றது. அப்புறம் சில வாரங்கள் அவன் வரவே இல்லை. பட்டியலில் 'புயல்' சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒரு ஞாயிறன்று திடீரென்று பச்சை. அவள் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அழைப்பு அனுப்பினாள். அன்றிலிருந்து புயல் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஆனால் இந்தப் புயல் வேறு மாதிரி ஓட்டியது. அவளை இடிக்காது. பாலத்தில் ஒதுங்கி வழிவிடும். முந்திப் போனாலும், முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் வந்து சேரும்வரை அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். அது அசையாது. போனில் 'ம்', 'சரி', 'வச்சிடறேன்' என்பதற்கு மேல் பேசத் தெரியாதவனாகிவிட்ட அண்ணன், சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவான். அந்த ஒரு நிற்றலை வைத்துக்கொண்டு அவள் வாரத்தின் மற்ற நாள்களை ஓட்டினாள். இரைச்சலுக்கு நடுவே லென்ஸ் அரைபடும்போது, எங்கோ ஒரு சாலையில் தனக்காக ஒரு வண்டி நிற்பதாக நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்கும் ரேஸ் கடைசிச் சுற்றில் இருந்தது. போன் அடித்தது. அண்ணன்.

ஓட்டிக்கொண்டே எப்படிப் பேசுகிறான் என்று சிரித்தபடி எடுத்தாள்.

"ஏய் ஆமை, அப்பா போன் எடுக்கல. டூட்டியா?"

"டூட்டிதான். நீ எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், கிடங்குலதான்." பின்னால் ஏதோ வண்டி பின்வாங்கும் பீப் பீப் சத்தம் கேட்டது.

"இப்பவா? இப்ப நீ கிடங்குலயா?"

"பின்ன, வானத்துலயா? ஞாயித்துக்கிழமைதான் லோடு அதிகம். ரொம்ப நாளா இதே கதைதான்."

திரையில் புயல் வளைவில் லேசாகச் சறுக்கி, நிமிர்ந்து, முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அப்போ கேம்...?"

"எது, நம்ம கார் ரேஸா? அதத் தொட்டே எவ்வளவு நாளாச்சு! நீ இன்னும் அதக் கட்டிக்கிட்டு அழுறியா?" சிரித்தான். "சரி, லீவுக்கு வர முடியாதுன்னு அப்பாகிட்ட சொல்லிடு. வச்சிடறேன்."

அவளுடைய வண்டி சுவரில் மோதி நின்றிருந்தது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. திரையின் மூலையில் இருந்த சின்ன வரைபடத்தில், புயலின் புள்ளி கோட்டுக்கு முன்னால் போய் வழக்கம்போல நின்றது.

அண்ணன் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அண்ணியின் எண் கல்யாணத்தின்போது வாங்கி வைத்தது. ஆமை அதில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவளிடம் பேச அவளுக்கு என்ன இருந்தது?

முதல் மணியிலேயே எடுத்தாள் அண்ணி.

"அண்ணி, நான்தான்."

"தெரியுது. உன் வண்டி செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குதே, என்னாச்சு?"

ஆமை கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்கதானா? இத்தன நாளும்?"

"தூசி தொடைக்கிறப்ப கை பட்டு ஆன் ஆயிடுச்சு. ஆமை உங்கள விளையாடக் கூப்பிடுதுன்னு வந்துச்சு. வேணாம்னு அமுக்கப் போயி ஆமான்னு அமுக்கிட்டேன்."

"அது ஒரு நாள். மத்த நாளெல்லாம்?"

"மத்த நாளெல்லாம் தெரிஞ்சேதான்."

"சொல்லியிருக்கலாம்ல, அண்ணி?"

"சொன்னா நீ வந்திருப்பியா? நீ என்ன, எனக்காகவா வந்த?"

ஆமையால் பொய் சொல்ல முடியவில்லை. அதனால் கோபம் வந்தது. "அவன் பேருல வந்தீங்க. நான் அவன்னு நெனச்சேன். வாராவாரம் அவன்தான் எனக்காகக் கோட்டுக்கிட்ட நிக்கிறான்னு..."

"ஐயோ, அது அப்படி இல்லம்மா." அண்ணியின் குரல் தணிந்தது. "ரேஸ் முடிஞ்சா நீ போயிடுவ. அப்புறம் நான் இந்த வீட்டுல செவுத்தப் பாத்துட்டு உக்காரணும். அதான் முடிக்காம நின்னேன்."

நேரம் முடிந்து ரேஸ் தானாகவே நின்று, திரையில் 'இன்னொரு ஆட்டமா?' என்ற பலகை தோன்றியிருந்தது. அண்ணியின் அறையிலிருந்தும் கேமின் பாட்டு போன் வழியாகக் கேட்டது. இங்கே பாடி முடித்ததை அங்கே அரை நொடி பிந்திப் பாடிக்கொண்டிருந்தது.

"அவன் எப்படி இருக்கான், அண்ணி?" என்று கேட்டாள் ஆமை. "போன்ல ஒன்னுமே சொல்ல மாட்டேங்கிறான்."

"வர்றார், சாப்பிடறார், தூங்கறார். என்ன கேட்டாலும் 'ம்'." அண்ணி தயங்கினாள். "சின்ன வயசுல இருந்தே இப்படித்தானான்னு உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். உன்கிட்டயாவது பேசுவாரோன்னு."

"இல்ல அண்ணி. இங்க வாய மூடவே மாட்டான். வாடகைக்கு விடலாம் அந்த வாய."

அண்ணி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"அப்படியா..." என்றாள் அண்ணி. "அவர நான் பாத்ததே இல்ல."

பாலம், ஆறு, கூரை அதிரும் சிரிப்பு எல்லாம் ஆமையின் நாக்கு நுனிவரை வந்து நின்றன. சொன்னால் ஒருவேளை அண்ணி அழக்கூடும். ஆமையே அழுதுவிடவும் கூடும்.

"இனிமே அந்தப் பேருல வரல" என்றாள் அண்ணி. "தப்புதான். எனக்குன்னு ஒரு பேர் போட்டுக்கறேன். இப்பவே மாத்திடட்டுமா?"

ஆமை திரையைப் பார்த்தாள். பலகையில் இரண்டு பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. மேலே புயல், கீழே ஆமை. புயலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே 'தயார்' என்று வந்துவிட்டிருந்தது.

"அடுத்த வாரம் மாத்திக்கலாம், அண்ணி" என்றாள். "இன்னைக்கு அது அப்படியே இருக்கட்டும்."

பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, மஞ்சள் எரிந்தது.