குறுக்கே படுத்தவள்

பெருமாயிக்கு ஓட்டு இல்லை. கையகலம் நிலம் இல்லாதவளுக்கு, வரி என்று ஒரு தம்பிடி கட்டாதவளுக்கு அந்தக் காலத்துச் சர்க்கார் ஓட்டைக் கொடுத்துவிடுமா என்ன? ஆனால் உடம்பு இருந்தது. அந்த உடம்பைக் கொண்டுபோய்க் குறுக்கே போட்டால் திருச்செங்கோட்டுச் சீமையே நின்றுவிடும் என்று எல்லோருக்கும் முதலில் காட்டியவள் அவள்தான்.

அது கள்ளுக்கடை மறியல் காலம். கதர்க்காரர்கள் கடை வாசலில் நின்று கும்பிட்டுப் பார்த்தார்கள், பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். குடிக்க வந்தவன் பாட்டையும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் குடித்தான். கள்ளுக்கே புருஷனைப் பறிகொடுத்த பெருமாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாட்டுக் கேட்டா அவனுக்கு இன்னும் ரெண்டு மொந்தை சேத்தித்தான் எறங்கும். நகருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைப்படிக்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

அவ்வளவுதான். படுத்திருக்கிற மனுஷரைத் தாண்டுவதா? அதுவும் ஒரு பொம்பிளையையா? எப்பேர்ப்பட்ட குடிகாரனும் இந்தப் பக்கத்தில் அதைச் செய்யமாட்டான். தெரியாமல் தாண்டிவிட்டால்கூடப் போன வழியே திரும்பத் தாண்டி, தோஷத்தைக் கழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அன்றைக்கு வந்தவனெல்லாம் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "ஏனாத்தா, கொஞ்சம் நகுந்துக்க" என்று கெஞ்சினான். கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

பிறகு கேட்கவேண்டுமா! ஊர் ஊராகப் பெண்கள் கடைப்படியிலும் கள்ளு வண்டிப் பாதையிலும் படுத்தார்கள். வக்கீல் வீட்டு ஜானகியம்மாள்கூடப் பட்டுச் சேலையை விட்டுக் கதர் கட்டி வந்து, பெருமாயியின் பக்கத்தில் புழுதியில் படுத்தாள். இயக்கத்தின் செயலாளர் அப்புசாமி, ஜவுளிக்கடையை மூடிவிட்டு ஜெயிலுக்குப் போய்வந்த மனுஷன், "அக்கா, நீங்கதான் எங்களுக்குத் தளபதி" என்பார். பெருமாயி வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

கடைகளைக் குத்தகை எடுத்திருந்தவர் நாச்சிமுத்துப் பண்ணாடி. சுற்றுப்பக்கத்துத் தோட்டங்களில் பாதி அவருடையது. பண்ணையாளர்கள் எல்லோரும் அவரைப் பண்ணாடி என்றுதான் சொல்வார்கள், பெயர் சொல்லமாட்டார்கள். தன் கள்ளு வண்டி நடுப்பாதையில் நின்றால் அவர் பார்த்துக்கொண்டிருப்பாரா? ஒருநாள் தானே வண்டியில் ஏறி வந்தார். குறுக்கே படுத்திருந்தவர்களில் பெருமாயியின் மகள் மாரக்காளும் ஒருத்தி. பிள்ளைத்தாய்ச்சி. மாடுகள் இரண்டும் அவளை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டன. வாயில்லா ஜீவனுக்கு இருந்த ஈவு இரக்கம் அந்த மனுஷனுக்கு இல்லை. வண்டிக்காரன் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கித் தானே விளாசினார். சக்கரம் மாரக்காளின் தொடைமேல் ஏறி இறங்கியது.

வயிற்றுப் பிள்ளை அன்றைக்கே போயிற்று. கால் ஒரேயடியாகப் போயிற்று. நொண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கட்டினவனும் போய்விட்டான். மாடு மிரண்டு ஓடிவிட்டது என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். நாசமாய்ப் போக!

வருஷங்கள் போய் முப்பத்தேழில் தேர்தல் வந்தது. அப்புசாமி பெருமாயியின் குடிசைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"அக்கா, நம்ம கட்சி நிக்குது. செயிச்சா மொத வேலை கள்ளுக்கடைய மூடறதுதானுங்க."

"நீங்க நல்லா இருக்கோணும் சாமி. நிக்கறது யாரு, நீங்களா?"

அப்புசாமி தரையைப் பார்த்தார். "நாச்சிமுத்துப் பண்ணாடி."

தன் காதில்தான் சரியாக விழவில்லை என்று நினைத்தாள் பெருமாயி. இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரமும் அதே பெயர்.

"அவரு கதருக்கு மாறிட்டாருங்க அக்கா. கடை ஏலத்துக்கே இப்ப போறதில்லீங்க."

"என்ற புள்ளை காலு மாறிருச்சுங்களா?"

"கோவப்படாமக் கேளுங்க. ஓட்டு யாருகிட்ட இருக்குது? வரி கட்டறவங்ககிட்ட. உங்களுக்கும் இல்லை, உங்ககூடப் படுத்தவங்க முக்காவாசிப் பேருக்கும் இல்லை. நாம படுத்ததுல கூட்டம் சேந்துச்சு, சரி. அந்தக் கூட்டம் ஓட்டாகோணுமில்லீங்க? பண்ணாடி நின்னாத்தான் தோட்டக்காரங்க நம்ம பக்கம் சாய்வாங்க. நானு நின்னா எவன் போடுவான்?"

"அப்ப நாங்க எதுக்குங்க படுத்தோம்?"

"இதுக்குத்தானுங்க அக்கா" என்றார் அப்புசாமி.

அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல். அயோக்கியன் சொல்லியிருந்தால் மூஞ்சியில் காறித் துப்பிவிட்டுப் போகலாம்; இவர் நல்லவர். கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாரக்காள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அவன் செயிச்சுக் கடைய மூடுனா, மூடுன புண்ணியவான் அவன்தான்னு ஆயிரும். என்ற காலு ஒடஞ்சதே நடக்காத மாதிரி ஆயிரும்" என்றாள்.

கட்சி வேறெங்காவது ஜெயித்துக்கொள்ளட்டும். இந்த ஊர் ஓட்டு ஒன்றுகூட அவனுக்கு விழக்கூடாது என்று பெருமாயி அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஓட்டுப் போடுகிற இடம் போர்டு பள்ளிக்கூடம். அதற்கு இருப்பது ஒரே வாசல். உள்ளே வேட்பாளர் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். விடிந்து வெயில் ஏறி, ஓட்டுக்காரர்கள் வெள்ளை வேட்டி கட்டி வந்து பார்த்தால், வாசலுக்குக் குறுக்கே பெருமாயி படுத்திருக்கிறாள்! பழைய குடிகாரர்களைப் போலவே அத்தனை பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

சேலத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, "அந்தப் பொம்பிளையைத் தூக்கி அந்தப் பக்கம் போடு" என்று போலீஸ்காரனை விரட்டினார். அப்புசாமி பதறிப்போய்க் குறுக்கே விழுந்து தடுத்தார். மறியல் செய்த பெருமாயியைப் போலீஸ் தூக்கினால் கட்சியின் பேர் என்னாவது? "அக்கா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்" என்று அழாக்குறையாகக் கெஞ்சினார். பெருமாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது காரில் ஜானகியம்மாள் வந்து இறங்கினாள். பெருமாயிக்கு உயிர் வந்தது. கூடப் படுத்தவளாயிற்றே! சற்றே நகர்ந்து இடம்விட்டு, "வாங்கம்மா, படுங்க" என்றாள்.

ஜானகியம்மாள் குனிந்து அவள் தலையைத் தடவினாள். "எனக்குத் தெரியாதா பெருமாயி? ஆனா நாட்டுக்காகப் பொறுத்துக்கணும்" என்றாள். பிறகு சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாண்டி உள்ளே போனாள். ஓட்டைப் போட்டுவிட்டு வந்து, போன மாதிரியே திரும்பத் தாண்டினாள். கண் கலங்கியிருந்தது.

"தாண்டின வழியே திரும்பத் தாண்டியாச்சு. தோசம் கழிஞ்சுதுங்க" என்றான் ஒருவன்.

அட, தாண்டினதைத் திரும்பத் தாண்டலாம். பெட்டிக்குள் போட்டதைத் திரும்ப எடுக்கமுடியுமா? ஆனாலும் அந்தச் சமாதானம் சிலருக்குப் போதுமாக இருந்தது. நாலைந்து பெண்கள் அப்படியே போய்விட்டு வந்தார்கள். ஆண்கள் மட்டும் அசையவில்லை. பெண்ணைப் பெண் தாண்டலாம், ஆண் தாண்டினால் ஏழு தலைமுறைக்கும் விளங்காது என்று பேசிக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கினார்கள். கூட்டம் கூடிக்கொண்டே போயிற்று, ஓட்டு விழவில்லை.

உச்சி வெயிலில் பண்ணாடி வந்தார். தும்பைப்பூவாகக் கதர் ஜிப்பா, தலையில் குல்லா.

பெருமாயி படுத்தபடியே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வா, இதற்குத்தான் காத்திருக்கிறேன். மகள்மேல் வண்டியை ஏற்றினவன் ஆத்தாளைத் தாண்டிப் போ. ஊர் பார்க்கட்டும். அப்புறம் எவன் உனக்கு ஓட்டுப் போடுவான்?

பண்ணாடி கெட்டிக்காரர். செருப்பைக் கழற்றினார், குல்லாவைக் கழற்றினார். "ஆத்தா! நானு பாவி. உங்களத் தாண்டற யோக்கிதை எனக்கு இல்லை. நீங்க மறியல் பண்ணுனா நானும் உங்ககூட மறியல் பண்றேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு, அந்த வெள்ளை ஜிப்பாவோடு மண்ணில், பெருமாயியின் பக்கத்தில் மல்லாந்து படுத்தார்.

"சீ!" என்று வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள் பெருமாயி.

வேறென்ன செய்வாள்? ஊர் பார்க்க ஓர் ஆம்பிளை பக்கத்தில் படுத்தால் எந்தப் பெண்தான் படுத்திருப்பாள்? மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு சுவரோரம் ஓடினாள். கூட்டம் "ஜே! ஜே!" என்று கத்தியது. சில பேருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பண்ணாடி நிதானமாக எழுந்து புழுதியைத் தட்டினார்.

"வழி உட்டுட்டாங்க. போயி ஓட்டுப் போடுங்க சாமி" என்றார்.

மடை திறந்த மாதிரி போனார்கள். அந்த ஊரில் எதிராளிக்கு விழுந்தது அவனுடைய சொந்தக்காரர்கள் ஓட்டு மட்டும்தான்.

கட்சி ஜெயித்தது. சொன்ன சொல் மாறாமல் கள்ளுக்கடையையும் மூடினார்கள். அதை இல்லையென்று சொல்ல வாய் வராது. மூடுவிழாவுக்குப் பெருமாயியைக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். மேடையில் பண்ணாடி மாலையும் கழுத்துமாகப் பேசினார்: "நாங்க புழுதியில படுத்துச் சம்பாதிச்ச வெற்றி இது!" பொய்யென்று யார் சொல்லமுடியும்? படுத்தாரே! ஊரே பார்த்ததே! அப்புசாமிதான் முதலில் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மாரக்காள் கேட்டாள். பெருமாயி அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

மாரக்காள் ஊனக் காலை இரண்டு கையாலும் தூக்கி மாற்றி வைத்துக்கொண்டாள். "வண்டி வந்தப்பக் கூட நானு எந்திரிக்கலையேம்மா" என்றாள். "நீ எதுக்கு எந்திரிச்ச?"