கன்னத்தில் இருபத்தொன்பது

லிஃப்ட் வருவதாக இல்லை. தங்கை படிக்கட்டில் பாய்ந்தாள்.

மூன்று மாடி. இரண்டிரண்டு படியாகத் தாவினாள். ஒரு செருப்பு கழன்று கீழே உருண்டது. கிடக்கட்டும். மேலே லேசர் அறை. அதற்குள் அவளுடைய அக்கா. அக்காவின் கோப்பில் ஓர் எண்: இருபத்தொன்பது.

அது இருபத்தைந்தாக இருக்க வேண்டும்.

அந்தத் தோல் மருத்துவமனையில் நிறத்தை அளப்பதுதான் தங்கையின் வேலை. 'மாநிறம்', 'கொஞ்சம் மட்டு' என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற கதையெல்லாம் அங்கே நடக்காது. டார்ச் மாதிரி ஒரு கருவி. அதன் வாயைக் கன்னத்தில் ஒற்றினால் உள்ளே பளிச்சென்று ஒரு வெளிச்சம். திரையில் ஓர் எண். எண் ஏற ஏற நிறம் வெளுப்பு. இருபத்தெட்டுதான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் சீட்டில் 'மிதநிறம்' என்று அச்சாகும், தாண்டாவிட்டால் 'கருநிறம்'. லேசரின் வேகத்தை டாக்டர் கூட்டுவதும் குறைப்பதும் அதை வைத்துத்தான். கறுத்த தோல் வெளிச்சத்தை அதிகம் குடிக்கும். வேகம் ஒரு படி கூடிப்போனால் வெந்துவிடும்.

இன்று அக்காவுக்கு அளவு மட்டும்தான். லேசர் அடுத்த வாரம். அப்படித்தான் பேச்சு. திடீரென்று வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க அக்காவுக்கு மச்சம்தான் போங்க! மேல ஒருத்தர் வரலையாம். அந்த நேரத்துல இவங்களக் கூப்பிட்டுட்டாங்க."

"எப்போ?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

மேலே போன் அடித்துப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

லேசர் அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் உள்ளே நுழையக் கூடாது. இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"நிறுத்துங்க! நம்பர் தப்பு!"

விளக்கு அணைந்தது. டாக்டரம்மாவே கதவைத் திறந்தாள். கையில் லேசர்.

"சோதனைக்கு மூணு ஷாட் போட்டுட்டேனே!"

கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்த அக்கா தலையைத் தூக்கினாள். "யாரு, சுண்டெலியா? எதுக்குடி கதவ உடைக்கிற?"

வீட்டில் தங்கைக்கு அதுதான் பெயர். அவள் கட்டிலருகே போய்க் குனிந்தாள். அக்காவின் காதுக்குக் கீழே, தாடையோரம், பட்டன் அளவில் மூன்று வட்டங்கள். சிவந்திருக்க வேண்டியவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் பூத்தன.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஐஸ் பையை எடுத்து அவளே வைத்து அழுத்தினாள். "இருபத்தொன்பதுன்னுதானே வந்துச்சு? இவங்ககிட்டயும் வாய்விட்டுக் கேட்டுட்டுத்தானே வச்சேன்?"

"இருபத்தஞ்சு, மேடம்."

"எப்படி மாறுச்சு?"

தங்கை தரையைப் பார்த்தாள்.

"வெள்ளை டைல்ல கறை, மேடம். யாரோட பவுண்டேஷனோ ஒட்டியிருக்கு. நான் கவனிக்கல."

தினமும் காலையில் கருவிக்கு ஒரு வெள்ளை டைலைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று பழக்குவார்கள். டைல் மங்கினால் அன்று முழுக்க எல்லோரும் வெளுப்பாகத் தெரிவார்கள். டாக்டரம்மாவுக்கு அது தெரியாதா?

"அப்போ காலைல வந்த எல்லாருக்கும் தப்புத்தானே! எத்தன பேரு?"

"பதினோரு பேர்."

"எல்லாரையும் திரும்ப வரச் சொல்லு. இவங்க தழும்பு ஆறுமா, அப்படியே நிக்குமான்னு இப்போ சொல்ல முடியாது." கடைசி வாக்கியத்தை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அக்காவும் தங்கையும் மட்டும். ஏசியின் உறுமல்.

"வெயில்ல சுத்திக் கறுத்தேன், ஏசியில படுத்து வெந்தேன்," என்றாள் அக்கா. "எவளுக்குக் கிடைக்கும் இந்த யோகம்?"

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவள். பத்தொன்பது வருடம் உச்சி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. அதைப் போக்கிவிடலாம் என்று நச்சரித்துக் கூட்டிவந்தவள் தங்கைதான். 'கரிச்சட்டி' என்று பெயர் வைத்தவளும் அவள்தான், ஆறு வயதில். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் தெருவுக்குப் போய், பள்ளிக்கூடத்துக்கும் போனது. அக்கா ஒருநாளும் திருப்பித் திட்டியதில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

"டைல்ல கறையாடி?"

"ஆமாக்கா."

"சுண்டெலி, நான் என்ன வேலை பாக்கறேன்?"

"மீட்டர் ரீடிங்."

"பூட்டின கேட்டுக்கு வெளிய நின்னு, எட்டி, பக்கவாட்டுல, தலைகீழாகூட நம்பர் படிப்பேன். உன் பொட்டி எனக்கு எம்மாத்திரம்? மூணு தடவை வச்சே. மொத தடவை இருபத்தஞ்சு. ரெண்டாவதும் அதேதான். மூணாவது தடவை அழுத்தினே பாரு, கடவாப்பல்லு வலிச்சுது."

கருவியைத் தும்பி உட்கார்வதுபோல் வைக்க வேண்டும். அழுத்தினால் ரத்தம் விலகும், தோல் வெளுக்கும், எண் ஏறும். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தங்கை சொல்லும் முதல் பாடமே அதுதான்.

"சீட்டுல 'கருநிறம்'ங்கற அந்த வார்த்தைய நீ படிக்க வேணாம்னுதான்க்கா... சாயங்காலமே கம்ப்யூட்டர்ல சரியா மாத்திடலாம்னு இருந்தேன்..."

"தெரியும். கண்ணத் துடை. மொதல்ல போய் டாக்டரம்மாகிட்ட நெசத்தச் சொல்லு. பாவம், பதினோரு பேர ஏன் அலைய விடற?"

தங்கை கதவு வரை போனாள். திரும்பினாள்.

"தெரிஞ்சும் ஏன்க்கா வாயத் திறக்கல? லேசர் வைக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே?"

அக்கா ஐஸ் பையைக் கன்னத்தில் மாற்றி வைத்தாள். மற்றொரு கையில் காலையில் வாங்கிய சீட்டு, நாலாக மடித்து.

"மீட்டர்ல குறைச்சு எழுதச் சொல்லிக் கெஞ்சியிருக்காங்க, மிரட்டியிருக்காங்க. பத்தொம்பது வருஷத்துல ஒரு வீட்டுக்கும் நான் நம்பர மாத்தி எழுதினதில்ல. டாக்டரம்மா லேசரக் கையில எடுத்துட்டு, 'இருபத்தொன்பது, சரிதானேம்மா?'ன்னு கேட்டாங்க. அந்த நம்பர என்னோடதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லிப் பாக்கலாம்னு ஆசையா இருந்துச்சு. 'ஆமா மேடம்'னேன்."