கட்டிலுக்கு அடியில்

நெற்றியில் ஒட்டிய காசு வழுக்கித் தலையணையில் விழுந்தது. மோகன் அதை எடுத்து, சந்தனத்தை இன்னும் கொஞ்சம் குழைத்துத் தடவி, அக்காவின் நெற்றியில் மறுபடி வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அவனுடைய போன் இல்லை. இளவரசியுடையது. காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் கையில் கொடுத்ததை அப்படியே செருகிக்கொண்டு வந்துவிட்டான்.

ஒரு கையால் காசைப் பிடித்தபடி மறு கையால் எடுத்தான்.

"யக்கா, நான்தான் ஏஞ்சல். இன்னிக்கும் வாய் வெக்கலக்கா. பாலு வெச்சது வெச்ச மாதிரி கீது. கருவாட்டு சோறு பெசஞ்சி வெச்சேன், அத்த எறும்பு இஸ்துகினு போவுது. சாய்ங்காலம் வேற துணி எட்தாரேன்னியே, கொஞ்சம் சீக்கிரமா வர்றியா?"

"நான் அக்காவோட தம்பி பேசறேம்மா."

"அண்ணே, அக்கா இல்லையா?"

பக்கத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா செல்லாயி, நிறுத்தி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"அக்கா காலையில தவறிட்டாங்கம்மா. நெஞ்சு வலி."

அந்தப் பக்கம் தட்டு ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நேத்துகூட எங்க வூட்ல குந்திகினு கொக்கி தெச்சிகினு இருந்துச்சேண்ணே" என்ற குரல் கேட்டது. போன் அணைந்தது.

இளவரசி ரவிக்கை தைப்பவள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அவளிடம் அளவு கொடுக்காத பெண்கள் குறைவு. கல்யாணம் அமையவில்லை, அமையவில்லையே என்று ஊர்தான் கவலைப்பட்டது, அவளுக்கு அதற்கு நேரம் இருந்ததில்லை. காஞ்சிபுரத்தில் ஆதரவற்ற பூனைகளுக்குக் காப்பகம் நடத்தும் ஜெனிஃபர் என்கிற பெண் ஒருநாள் ரவிக்கை தைக்க வந்தாள். அவள் கூடையில் ஒரு பூனை இருந்தது. அன்றிலிருந்து ஆரம்பித்தது.

காப்பகத்துப் பூனை யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவதற்கு முன் கொஞ்ச நாள் இளவரசியின் அறையில் தங்கும். மிஷின் சத்தம், மனிதர் வாசனை, குக்கர் விசில் எல்லாம் அதற்குப் பழகவேண்டும். பழகியபின் கேட்ட வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவாள். விட்டதோடு முடித்துக்கொள்கிறவள் இல்லை. அதுதான் அவள். தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய், பூனை எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதோ அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வாள். கூப்பிடமாட்டாள், தேடமாட்டாள். கையில் ரவிக்கையும் கொக்கியும் இருக்கும். "நாம அத்த பாக்கக் கூடாது. அது நம்மள பாக்கணும்" என்பாள். தான் கட்டிப் படுத்த பழைய புடவைத் துண்டு ஒன்றைத் துவைக்காமல் பக்கத்தில் போட்டுவைப்பாள். தெரியாத வீட்டில் தெரிந்த வாசனை ஒன்றாவது இருக்கட்டும் என்று.

பெயர் மட்டும் வைக்கமாட்டாள். பேர் வைப்பது கூட்டிப்போகிறவர்கள் வேலை.

அந்தச் சாம்பல் பூனைக்கும் அப்படித்தான் பெயர் இல்லை. மானாம்பதி ரோட்டில் காலனியில் இருக்கும் ஏஞ்சல் கேட்டிருந்தாள். அவள் புருஷன் ஜான்சன் லாரியில் லோடு ஏற்றப் போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். "வூட்ல பேச்சுக் கொரலே இல்லக்கா" என்று சொல்லித்தான் கேட்டாள். பூனையைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் செய்த முதல் காரியம், கூட வந்த புடவைத் துண்டு அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, மடித்து வைத்தது. பூனை கட்டிலுக்கு அடியில் போனது, போனதுதான். இளவரசி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "நம்ம துணின்னு மரியாத குட்த்து தொவைச்சிட்டாடா. நாளைக்கு வேற ஒண்ணு எட்த்துகினு போவணும்."

அந்த நாளைதான் இன்றைக்கு.

பத்து மணிக்குமேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர்கள் போக, மோகனுக்குத் தெரியாத முகங்கள் நிறைய வந்தன. வாலாஜாபாத் பக்கம் தென்னேரியிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தது. ஐயங்கார்குளத்திலிருந்து ஆண்டாளம்மாள் என்று ஒரு வயதான அம்மாள், இரண்டு பஸ் மாறி, மாலையை மடியில் வைத்து வாடாமல் கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க யாரு, எந்த வகையில உறவு?" என்றாள் செல்லாயி.

"உறவெல்லாம் இல்லம்மா. எங்க வூட்டு பூனை இவங்க குட்த்தது."

"பூனையா?"

"ஆமா. மொதல்ல அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிச்சி. இவங்க தெனம் வந்து குந்துனாங்க. ஒருநாள் மழையில நனைஞ்சிகினு வந்தாங்க, ஏம்மா இந்த மழையிலன்னேன். பூனைக்கு மழ தெரியாதும்மா, நான் வரலன்னுதான் தெரியும்னாங்க."

செல்லாயி அதற்குமேல் உறவு கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்த ஒவ்வொருவரையும் அவளே, "நீங்களும் பூனையா?" என்று கேட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஏஞ்சலும் வந்தாள். கேட்டுக்கு வெளியே, மோகனின் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் நின்ற இடத்துக்கும் தள்ளி, புங்கமரத்தடியில் நின்றாள். ஜெனிஃபர்தான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தாள். பிறகு மோகனிடம் வந்தாள்.

"இந்த நேரத்துல இத சொல்றதுக்கு மன்னிச்சிக்குங்கண்ணா. அந்தப் பூனை சாப்புடாமயே கெடந்தா ஈரல் கெட்டுடும். நாளைக்குக் காலையிலயும் சாப்புடலன்னா நான் தூக்கிகினு போயிடுறேன்."

"தூக்கிகினு போயேம்மா. அதுக்கின்னா?"

"அக்காகிட்ட வர்றதுக்கு முன்னாலயே செங்கல்பட்டுல ஒரு வூட்ல வளர்த்து திருப்பிக் குட்த்துட்டாங்க. இன்னொரு தரம் திரும்பிச்சின்னா அப்புறம் அது மனுசங்க பக்கமே வராதுண்ணா. கூண்டுலயேதான் கெடக்கும். இது வரைக்கும் அக்கா கொண்டுபோய் விட்ட பூனை ஒண்ணுகூட காப்பகத்துக்குத் திரும்பினதில்ல." குரலைத் தணித்துக்கொண்டு, "அவங்க கட்டின துணி ஒண்ணு, தொவைக்காதது, எட்த்து வெச்சிடுங்க" என்றாள்.

மோகன் தலையாட்டினான். அதற்குள் பாடைக்குக் கயிறு பத்தவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள்.

தூக்கும்போது தோளில் கனமே இல்லை. அதுதான் அவனுக்கு என்னவோ போல் இருந்தது. மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். கொள்ளி அவன்தான் வைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி, பம்ப் செட்டில் தலை முழுகி, ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்து விளக்கைப் பார்த்தான். வீடு கழுவிவிட்டு ஃபினாயில் மணத்தது. அக்காவின் அறையில் தையல் மிஷினைக்கூடத் துடைத்துக் கவிழ்த்திருந்தார்கள்.

கொடியில் ஒன்றும் இல்லை.

"சுதா, அக்கா பொடவைங்க எங்க?"

அவன் மனைவி சுதா கிணற்றடியைக் காட்டினாள். பெரிய அன்னக்கூடையில், அண்டாவில், பக்கெட்டில் எல்லாம் புடவைகள் நுரையில் முங்கியிருந்தன. தலையணை உறை, போர்வை, மிஷின் ஸ்டூலில் போட்டிருந்த துணிகூட அதில் கிடந்தது.

"எல்லாத்தையுமா ஊற வெச்சிட்ட?"

"தீட்டுத் துணிய வேற இன்னா பண்ணச் சொல்ற? பாய வண்ணான் எட்த்துகினு போய்ட்டாரு. அண்ணி துணிய நானே நல்லா அலசிப் போட்லாம்னு..." அவள் கண் சிவந்திருந்தது. கை, முழங்கை வரைக்கும் நுரையாக இருந்தது. காலையிலிருந்து அழ நேரமில்லாமல் இப்போதுதான் துவைத்துக்கொண்டே அழுதிருக்கிறாள்.

அவன் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புடவை நுனியை எடுத்து முகர்ந்தான். சோப்பு வாசனைதான்.

"மோகா." வாசலிலிருந்து முனிரத்தினம் கூப்பிட்டான். இவனோடு ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். காலையில் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்ட ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். "வண்டி தோ கீது. சாவி புடி. பின் சீட்ல உன் சட்ட கெடந்துச்சி, அத்த டிக்கில போட்டுகீறேன்."

மோகன் எழுந்தான்.

விடியும்போது அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் சாய்ந்தாள். சுதா அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மோகன்தான் சட்டையைக் கழற்றி மடித்து அக்காவின் தலைக்கு வைத்துவிட்டு, பனியனோடு ஓட்டினான். "சட்ட கசங்குதுடா" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் அவன் காதில் விழவில்லை, வண்டிச் சத்தத்தில்.

டிக்கியைத் திறந்து எடுத்தான். காக்கிச் சட்டையின் முதுகில் தலையளவுக்கு எண்ணெய்க் கறை. முகத்தருகே கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. தேங்காய் எண்ணெயும் மிஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் ஏறினான்.

செல்லாயி ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். "எங்கடா போற? கொள்ளி வெச்ச கையோட."

"மானாம்பதி ரோட்டுக்கு."

"தீட்டுக்காரன் அட்த்தவங்க வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுடா. அதுவும்..." அவள் முடிக்கவில்லை.

"வூட்டுக்காரங்க வேணான்னா வந்துட்றேன் பெரீம்மா."

"நான் அவங்கள சொல்லலடா."

"தெரியும்."

சுதா கிணற்றடியிலிருந்து வந்தாள். நுரைக் கையால் பெரியம்மாவின் கையை மெல்ல எடுத்துவிட்டாள். "போய்ட்டு வரட்டும் பெரீம்மா. அண்ணி சொல்லிட்டுப் போன வேலதான."

மானாம்பதி ரோடு அவனுக்குப் புதிது இல்லை. அக்காவை எத்தனையோ சாயங்காலம் அந்தக் காலனி முனையில் இறக்கிவிட்டு, இருட்டும்போது போய்க் கூட்டிவந்திருக்கிறான். வேறொரு பூனைக்காக அவள் இங்கே வந்துபோன சமயத்தில் ஒருநாள் நேரமாகிறதே என்று வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தான். அவள் வெளியே வந்து, "அப்பதான்டா தலைய நீட்டுச்சி, உன் ஹாரனுக்கு உள்ள போய்டுச்சி. எறங்கி உள்ள வந்து கூப்ட்டா இன்னா?" என்றாள்.

"நான் இங்கியே கீறேன். நீ வா."

அந்த வீட்டுக்காரர்கள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறிக்கொண்டாள். பாதி வழி வந்தபின், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பூனையாவது ரெண்டு மூணு நாள்ல வெளிய வந்துடுதுடா."

அவன் அப்போது சிரித்துவிட்டான். பூனையைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்தான்.

ஏஞ்சல் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தாமல் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தான். ஒற்றை அறை வீடு. ஏஞ்சல் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஈரத்தலையும் கையில் சட்டையுமாக அவன் வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"தீட்டோட வந்துகீறேம்மா. உள்ள வரலாமா?"

"எங்களுக்கு அதெல்லாம் இல்லண்ணே." நிலைப்படியைவிட்டு ஒதுங்கினாள். "உங்களுக்குப் பரவால்லன்னா வாங்க."

குனிந்து உள்ளே போனான். நிலைப்படி தாழ்வாக இருந்தது. அக்காவுக்கும் குனிய வேண்டியிருந்திருக்கும். ஏசு படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. சுவரோரம் இரும்புக் கட்டில். அதற்கு அடியில், டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, இரண்டு கண்கள். கட்டிலுக்கு முன்னால் ஒரு தட்டில் சோறு, புதிதாகப் பிசைந்தது. பக்கத்தில் தரையில் ஓர் இடம் மட்டும் வெறுமனே விடப்பட்டிருந்தது.

"அங்கதான் குந்தும்" என்றாள் ஏஞ்சல்.

அவன் சட்டையைப் பிரித்து, எண்ணெய்க் கறை மேலே தெரியும்படி தட்டுக்கு அருகில் போட்டான். அந்த வெற்றிடத்தில் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கையில் கொக்கி இல்லை, ரவிக்கை இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். எதிர்ச்சுவரில் நீலம் போட்ட புடவைத் துண்டு ஒன்று, மடிப்புக் கலையாமல் ஆணியில் தொங்கியது.

ஏஞ்சல் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் கையில் கொடுக்கலாமா என்று யோசித்தவள், எட்டும் தூரத்தில் தரையில் வைத்துவிட்டு, தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றாள். கொடுத்ததைக் குடித்துத்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்தாத தூரம் அது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. யார் வீட்டிலோ டிவியில் பாட்டு. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

முதுகுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியை எதுவோ உரசியது. சிமெண்டுத் தரையில் நகம் படும் சத்தம். நின்றது. திரும்பத் தோன்றியது, திரும்பவில்லை. பிறகு துணி இழுபடும் சத்தம், மிக மெதுவாக, யாரோ சட்டையின் கசங்கலை நீவிவிடுவது போல. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை.

ஏஞ்சல் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். பொத்திய வாய்க்குள்ளிருந்து, "அண்ணே, சாப்புடுது" என்றாள்.

தட்டு தரையில் லேசாக உராய்ந்தது. மோகன் சத்தம் வராமல் கையை நீட்டி, தம்ளரை எடுத்து, உதட்டில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று காலித் தம்ளரை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.