எழுதப்படாத புத்தகத்துக்கு ஒரு மறுப்பு

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து பிறந்தது. கடிதத்தை எழுதியவள் நான். ஒரு நாவலில் பதினாறு பக்கங்கள் இரண்டு தடவை அச்சாகியிருப்பதையும், அதனால் கதாநாயகன் ஒரே காய்ச்சலில் இரண்டு முறை செத்துப்போவதையும் குறிப்பிட்டு, அதை வெளியிட்ட பதிப்பகத்துக்கு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எங்கள் சிற்றூர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வரிசை மாறவில்லை. பதில் வராது என்று நினைத்திருந்தபோது, பதிப்பாளரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இவ்வளவு பொறுமையா ஒருத்தரைத் திட்ட உங்களுக்கு வருதே. என்னைத் திட்டி ஒரு புத்தகம் எழுதித் தர முடியுமா?"

[அவர் சொன்னது இதுவேதான். என் வீட்டில் யாரும் நம்பவில்லை. நீங்கள் நம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் கதை இந்த அடைப்புக்குறியோடு முடிந்துவிடும்.]

2

தொடக்கம், முதல் வரைவு: "சைக்கிளில் புத்தகம் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்த ஒருவர் இன்று நான்கு மாடிக் கட்டடத்தின்—"

வேண்டாம். பணக்காரர்கள் எல்லோரும் சைக்கிளில்தான் கிளம்புகிறார்கள். இவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இரண்டாம் வரைவு: "புத்தகம் என்பது மனித குலத்தின்—"

இதுவும் வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது: "ஊரில் அவருக்கு ரெட்டைக்குழல் என்று பெயர்." இது நிற்கும். துப்பாக்கிக்கு வைக்கிற அந்தப் பெயர் ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இவர் ஒருவரை வம்புக்கு இழுத்து ஒரு புத்தகம் போடுவார். அதே நாளில், அதே அளவில், அதே விலையில், வம்புக்கு இழுக்கப்பட்டவர் எழுதிய மறுப்பையும் போடுவார். முதல் ஜோடி, 'பல் மருத்துவர்கள் மறைப்பது என்ன?', 'பல் மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை'. அடுத்து கட்டடப் பொறியாளர்கள் சிக்கினார்கள். அதற்கடுத்து தனிப்பயிற்சி நடத்தும் ஆசிரியர்கள். எல்லாவற்றையும்விட விற்ற ஜோடி ஒன்று உண்டு. கணவர் எழுதியது 'என் இனிய இல்லறம்'. மனைவி எழுதியது 'அப்படியா?'

ஒன்றை வாங்கியவர் மற்றதையும் வாங்காமல் தூங்க முடியாது. பணம் கொட்டியது. சொந்த அச்சகம், லிஃப்ட் வைத்த கட்டடம், ஒரு சுவர் முழுக்க மீன் தொட்டி வைத்த வீடு, வாசலில் இரண்டு கார். ஊரில் பாதிப் பேர் அவரைச் சிண்டு முடிந்து காசு பார்க்கிறவர் என்றார்கள். மீதிப் பேர், திட்டு வாங்கியவனுக்கும் மேடை கொடுக்கிற ஒரே மனிதர் என்றார்கள். புத்தகக் கடைக்காரர்கள் ஒருமுறை கூட்டம் போட்டு அவரை ஒதுக்கிவைத்தார்கள். பிறகு கடையில் ஈ ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

3

இப்போது அக்கா வர வேண்டும்.

பதிப்பாளருக்கு ஓர் அக்கா உண்டு. கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மறுப்பு நூல்கள் தயாராகும் பிரிவை அவர்தான் நடத்துகிறார். பதிப்பகம் தொடங்கிய நாளில், பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தம்பிக்கு மெய்ப்புத் திருத்த வந்தவர், ஒரு நிபந்தனை போட்டார். யாரைத் திட்டி அச்சடித்தாலும் அவர்களுடைய பதிலையும் நாமே அச்சடிக்க வேண்டும். அக்கா அதை நியாயத்துக்காகப் போட்டார். அதற்குள் ஒரு நான்கு மாடிக் கட்டடம் ஒளிந்திருப்பதைத் தம்பி கண்டுபிடித்துவிட்டார். அக்கா அதை மன்னிக்கவில்லை.*

* மன்னிக்கவில்லை என்பது என் ஊகம். நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை.

எப்படி இருந்தாலும், அன்று முதல் அக்கா தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம். புதுக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டியபோது, சன்னல் வடக்கே பார்க்கிறது என்றாராம். பரிசு வாங்கி வந்தபோது சட்டை கசங்கியிருப்பதைச் சொன்னாராம். இரண்டாவது கார் வந்த அன்று, முதல் கார் துணையில்லாமல் அழுததா என்று விசாரித்தாராம்.

தன்னைத் திட்டி எழுதச் சொன்னதற்குக் காரணம் கேட்டபோது, பதிப்பாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னைத் திட்டி ஒரு புத்தகம் வந்தா, எனக்காக மறுப்பு எழுத ஆள் வேணும். அக்காவை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா? விதி அவ போட்டது. மாட்டேன்னு சொல்ல முடியாது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்காக அவ ஒரு நல்ல வார்த்தை சொன்னாப் போதும். அச்சுல பார்த்துட்டா போதும்."

[இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு நல்ல வார்த்தைக்காக இரண்டு புத்தகம் போடுகிறவர் பாவமா, பலே ஆளா? நல்ல எழுத்தாளர் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். நான் வாங்குகிற தொகைக்கு இரண்டையும் வைத்துக்கொண்டேன்.]

4

திட்டி எழுதுவது சுகமான வேலை. முதல் அத்தியாயம் வழுக்கிக்கொண்டு போனது. "பிறர் வீட்டுச் சண்டையில் குளிர்காய்ந்தே மாடிமேல் மாடி கட்டியவர்" என்று ஒரு வரி வந்து விழுந்தபோது, எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்து என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க புத்தகத்துக்கு மறுப்பு வந்து குவியுது, உங்க புத்தகம் எங்க?" என்றார்.

என்ன நடந்தது என்று அச்சகத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜோடியில் எது முதலில் வருகிறதோ அதை அச்சடித்துக் கட்டிவைப்பார்கள். மற்றதும் வந்த பிறகு சேர்த்து அனுப்புவார்கள். எப்போதும் பின்னால் வருவது மறுப்புதான். திட்டு வாங்கியவர்கள் யோசித்து யோசித்து எழுதுவார்கள். அதனால் மறுப்பு கட்டாகிவிட்டால் வண்டியை எடு என்று கை பழகிப்போயிருந்தது. இந்த முறை அக்கா மறுப்பை முந்திக்கொண்டு கொடுத்துவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

"கேள்விக்கு அப்புறம்தானே பதில் வரும்?" என்றார் அச்சக மேற்பார்வையாளர். "பதில் வந்துடுச்சே, கேள்வி எங்கயோ போயிருக்கும்னு நினைச்சேன்." அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு பிரதியை வாங்கி, அங்கேயே காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து படித்தேன்.

தம்பியைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது, அதற்கு மறுப்பு வேண்டும் என்று மட்டும்தான் அக்காவுக்குத் தகவல் போயிருந்தது. நான் என்ன எழுதப்போகிறேன் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தம்பி காசு கொடுத்து எழுதச் சொல்லும் வரலாறு தம்பியைப் புகழாமல் வேறென்ன செய்யும் என்று அவராக முடிவு கட்டி, வராத புகழுக்கெல்லாம் மறுப்பு எழுதியிருந்தார்.

"'அவர் மேதை' என்று ஆசிரியர் கூறுவது பொய். இன்றுவரை இடது கால் செருப்பு எது என்று பார்த்துத்தான் மாட்டுகிறான்."

"'தொழிலாளர்களைக் குடும்பத்தினர்போல நடத்தினார்' என்பதை வன்மையாக மறுக்கிறேன். குடும்பத்தினரை அவன் எப்படி நடத்துகிறான் என்று எனக்குத் தெரியும்."

கடைகளில் மறுப்பு பறந்தது. இல்லாத புத்தகத்தைக் கேட்டு வாசகர்கள் சண்டை போட்டார்கள். மறுபதிப்பு ஓடியது. இரண்டு குழலும் தன் பக்கமே திரும்பிவிட்ட நிலையிலும் பதிப்பாளருக்கு இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தது.

நான் மூன்றாம் மாடியில் அவர் அறைக்குப் போனபோது அவர் அந்தப் புத்தகத்தைப் பென்சிலும் கையுமாகப் படித்து முடித்திருந்தார். ஒரு வரியின் கீழும் கோடு இல்லை.

"நல்லா விக்குதும்மா," என்றார். சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்த்தார். வடக்கே ஒன்றும் இல்லை.

5

[இங்கே ஒரு சோகமான பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவருக்கு அது பொருந்தவில்லை.]

என்ன இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டே. அக்கா உண்மையில் எந்த எழுத்துக்கு மறுப்பு எழுதியிருக்க வேண்டும் என்பதையாவது அவருக்குக் காட்டிவிடலாம் என்று, என் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன்.

அக்கா மேசை விளக்கை இழுத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு படித்தார். ஒற்று விட்ட இடங்களில் ஒற்றுப் போட்டார். புகழ் எங்கே என்று தேடுகிறவர்போலப் பக்கத்தைப் புரட்டி, மறுபடி முன்னால் வந்தார். குளிர்காய்ந்த வரியில் பேனா நின்றது.

"யாரு குளிர்காஞ்சா?"

நான் விரலால் மேல்மாடியைக் காட்டினேன்.

"ஏம்மா, உனக்கு என்ன தெரியும்? அந்தப் பல் டாக்டருக்கு ஒரு வரி எழுத வராது. வெள்ளைத் தாளை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். இவன் தினம் அவர் வீட்டுக்குப் போய் எதிர்ல உக்காந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினான். தான் போட்ட புத்தகத்துல எங்கெங்க ஓட்டைன்னு இவனே எடுத்துக் கொடுத்தான். அந்த இல்லறத்து அம்மாவுக்கும் அப்படித்தான். எதிராளி தோத்துடக் கூடாதுன்னு பாடுபடற ஆளை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?"

பேனாவை மூடினார்.

"நான் விதி மட்டும்தான் போட்டேன். அதை நாணயமா நடத்தினது அவன். என்னால அது முடிஞ்சிருக்காது."

கீழே அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் தரை வழியாக வந்தது. அக்கா என் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி, என் பக்கம் தள்ளினார்.

"இதை அவன்கிட்ட சொல்லாதே. சொன்னா அட்டையில போட்டு வித்துடுவான். அப்புறம் நான் அதுக்கு மறுப்பு எழுதணும். எழுதுவேன், தெரியும்ல?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) சொல்லிவிடுகிறேன். அவர் நெகிழ்ந்துபோகிறார், மறுநாள் காலை அட்டைக்கு வரைபவரைக் கூப்பிடுகிறார். அக்கா மறுப்பு எழுதுகிறார். இரண்டும் நன்றாக விற்கின்றன.

(ஆ) சொல்லவில்லை. கொடுத்த வாக்கு நிற்கிறது. அவர் பென்சிலும் கையுமாக மறுபதிப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். இதை எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

(இ) அக்காவே மாடியேறிப் போய்த் தம்பியிடம் சொல்கிறார். வாசகர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஐந்து முறை எழுதியும் அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மறுக்கிறார்.

ஆகவே நடந்தவரை எழுதுகிறேன். தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே பதிப்பாளர் நின்றிருந்தார். அச்சகத்துக்குப் போகிறவராம். என் கையில் தாள்களையும் அவற்றில் சிவப்பு மையையும் பார்த்துவிட்டு, கதவு மூடாமல் காலை வைத்துக்கொண்டார்.

"அக்கா படிச்சாளா?"

படித்தார் என்றேன்.

"என்ன சொன்னா?"

எனக்குப் பின்னால் இரண்டாம் மாடி அறைக் கதவு திறந்தே இருக்கிறது. அதுவரை தாள் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் இரண்டு பேருக்கும் கேட்கும்.

மரியாதைக்குரிய வாசகரே, வாக்குக் கொடுத்தவள் நான், நீங்கள் கொடுக்கவில்லை. அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். பதிப்பாளர் கேட்டதற்கு என்ன பதில் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கதவு கால்மேல் முட்டி முட்டிப் போகிறது, அவரோ காலை எடுப்பதாகக் காணோம்.

"சொல்லும்மா," என்கிறார்.