தக்பீருக்கு முன் ஐந்து நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு ஒற்றை வரியாகத்தான் கிடைத்தது: “ஐஞ்சு நிமிசம் கத்தியைக் கையில வைச்சுக்கொண்டு சும்மா இருந்தனான்.” சொன்னவர் முல்லைத்தீவுப் பக்கத்து ஒஸ்தா ஒருவர், சுன்னத்துச் செய்பவர். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

முதல் தொடக்கம்: ‘1962இல், பழமையும் புதுமையும் மோதிக்கொண்ட அந்த’ – வேண்டாம். யாரும் மோதவில்லை.

இரண்டாவது: ‘தண்ணீரூற்று ஜெமீலுக்கு வயது இருபத்தேழு, இன்னும் சுன்னத்து ஆகவில்லை.’ இது இருக்கட்டும்.

காரணம் இருக்கிறது. அவனுடைய காக்கா, மூத்த சகோதரன், ஏழு வயதில், சுன்னத்து அன்று இரத்தம் நிற்காமல் இறந்துபோனான். அதற்குப் பிறகு உம்மா சபூறா இவனை எந்தக் கத்திக்கும் விடவில்லை. இப்போது றாபியாவுடன் நிக்காஹ் குறித்தாயிற்று. அதற்கு முன் செய்தே தீருவது என்று ஜெமீல் நிற்கிறான்.

காக்காவுக்குச் செய்த கை ஒஸ்தா நளீருடையது.

2

டொக்டர் யோகநாதனிடம் புதிதாக வந்திருந்தது ஒரு கவ்வி, வளர்ந்த ஆண்களுக்கானது. அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் என்னால் நகரமுடியாது.

சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று தோலுக்கு உள்ளே போய்க் குறியின் மொட்டை மூடிக் காக்கும். தோலை அதன் மேலே இழுத்து, ஒரு தட்டின் துளை வழியே எடுப்பார்கள். திருகை முடுக்கினால் கிண்ணத்தின் விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே தோல் நசுங்கும். இரத்தக் குழாய்கள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஐந்து நிமிடம் வேண்டும். பிறகுதான் வெட்டு.

(அவசரப்பட்டால் பழைய கத்திக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.)

3

நளீரை முதலில் கவ்விக்கு எதிரியாக எழுதினேன். ‘இரும்பை நம்பி’ என்று ஒரு வசனமும் கொடுத்தேன். அடித்துவிட்டேன். ஒரு பிள்ளையை இழந்த கை ஏன் எதிர்க்கும்?

கவ்வியை முதலில் ஈரத்துணியில் சோதிக்கவைத்தவர் அவர்தான். முடுக்கிவிட்டு இழுத்தார். மூன்றாம் தடவை துணி வழுக்கியது. டொக்டரிடம் முன்பே இருந்த சிறுவர் கவ்வியையும் இதையும் கிருமி போக ஒரே சட்டியில் அவித்ததில், ஒன்றின் கிண்ணமும் மற்றதன் தட்டுமாக மாறியிருந்தன. சரியான சோடியைச் சேர்த்து இன்னும் இருபது தடவை இழுத்தார்.

“துணிக்குச் சுன்னத்துச் செய்த முதல் ஒஸ்தா நீங்கள்தான்,” என்றார் டொக்டர்.

“துணி அழாது ஐயா. அதான் நல்லா இழுக்கிறன்.”

ஜெமீலின் காதுமடலில் ஊசி குத்தி, இரத்தம் நிற்க எத்தனை நிமிடம் என்றும் டொக்டர் பார்த்தார். நான்கு. பரவாயில்லை.

சபூறா மட்டும் கேட்டார்: “ஒரு புள்ளையை உங்கட கையில தந்தனான். இவனையும் கேக்கிறீங்களோ?”

நளீருக்கு மூன்று பதில்கள் எழுதிப்பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. ஜெமீல்தான் பேசினான். “அவர் கேக்கேல்ல உம்மா. நான்தான் கேக்கிறன்.”

4

வீட்டில்தான் நடந்தது. வலி தெரியாமலிருக்க விறைப்பு ஊசியைப் போட்டுத் திருகை முடுக்கியவர் டொக்டர். கத்தி நளீரிடம்.

இங்கேதான் எங்கள் எல்லோருக்கும் ஒன்று மறந்துபோனது. வெட்டும் கணத்தில் வாசலில் நிற்கும் ஆண்கள் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் முழங்குவது வழக்கம். ஐந்து நிமிடம் பொறுக்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஜெமீல் ஒருமுறை முனகினான். வெட்டியாயிற்று என்று நினைத்து வாசல் முழங்கியது.

இரண்டாவது நிமிடம்தான்.

நாற்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு அசைந்த கை அசைந்தது. [இங்கே ‘அவர் கண்களில் அந்தச் சிறுவனின் முகம்’ என்று எழுதி வெட்டினேன்.] கத்தி தோலைத் தொடும் தூரத்தில் நின்றது. நளீர் இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தினை நிமிசம் ஐயா?”

“இன்னும் மூண்டு.”

“சொல்லிக்கொண்டு இருங்கோ. வெளியில என்ன கேட்டாலும் நான் உங்களைத்தான் கேக்கிறன்.”

டொக்டர் எண்ணிக்கொண்டேயிருந்தார். ஐந்து ஆனதும் நளீர் வெட்டினார். இந்த முறை வாசலில் சத்தம் இல்லை.

5

ஒரு முடிவில் எல்லாம் நலம். இன்னொன்றில் சபூறா கதவைத் திறந்து – வேண்டாம். இரண்டையும் கிழித்துவிட்டேன். இரத்தம் நின்றதா என்று அறியாமல் எழுதினேன். கவ்வி இன்னும் கழற்றப்படவில்லை.

“ஒஸ்தா மாமா, இரத்தம் வருதோ?” என்று ஜெமீல் கேட்கிறான்.

பதில் சொல்லவேண்டியவர் இதை வாசிக்கும் நீங்கள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள். திருகை மெல்லத் தளர்த்துங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பார்க்காமல் சொல்லாதீர்கள்.