ஓடை இறக்கம்

சீட்டை முழுக்க இறக்கிவிட்டு, இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலே தள்ளி, சத்யபிரியா முதல் பாறையில் இறங்கினாள். முன்சக்கரம் தொப்பென்று விழுந்தது. ஷாக் அமுங்கி எழுந்தது. சைக்கிள் நிற்காமல் போனது.

கொல்லிமலையிலிருந்து எருமப்பட்டிப் பக்கம், அவள் ஊருக்கே இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை அது. இரண்டு நாள் சைக்கிள் பயிற்சிக்கென்று அவளும் தோழி சுகன்யாவும் மலைக்கு வந்திருந்தார்கள். மதியம் ஒரு மேட்டில் ஏறியதும் சிக்னல் கிடைத்தது. உடனே சித்தப்பா பூபதி கூப்பிட்டார்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல சாமி. பயப்படறாப்பல ஒண்ணுமில்ல. கார் அனுப்பியிருக்கறேன், அங்கயே இரு. அந்தச் சைக்கிள்ல மட்டும் எறங்கிப்போடாத."

அவர் பேச்சுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியிலிருந்து அடுக்கடுக்காக இறக்கிப் போடும் சத்தம் கேட்டது. காய்ச்சல்காரர் வீட்டில் யாரும் நாற்காலி இறக்க மாட்டார்கள்.

"சரிங்க சித்தப்பா. இங்கயே இருக்கறேன்."

"பதட்டப்படாத."

"இல்லீங்க."

இருவருமே நன்றாகத்தான் பொய் சொன்னார்கள். வெளியில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் சாவைப் போனில் சொல்வதில்லை. முடியவில்லை, மெதுவாக வா என்றுதான் சொல்வார்கள்.

பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் அப்பாவின் தலையில் மகள் எண்ணெய் வைக்க வேண்டும். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை, வாசலோடு சரி. கார் மலையேறி, அவளை ஏற்றிக்கொண்டு, அத்தனை வளைவும் சுற்றி இறங்கி வருவதற்குள் வாசல் காலியாகிவிடும்.

சுகன்யா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "ஓடை எறக்கம் இருக்குதுடி. போன தடவ என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்குதா?"

"போன தடவ அங்க நின்னு யோசிச்சேன். அதான் உழுந்தேன்."

"செரி, முன்னால போ. உழுந்தாச் சொல்லு, உம்மேல ஏத்தாம ஒதுங்கிப் போறேன்."

மூங்கில் தாண்டி, சருகு மூடிய திருப்பங்கள் வந்தன. சத்யபிரியா சக்கரத்தை உருளவிட்டாள். அப்பா நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் பாதி நாட்டைச் சுற்றியவர். ஊரில் இருக்கும்போது, அவள் மலையிலிருந்து வந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "உழுந்தியா?" இல்லீங்கப்பா என்றால், "அப்பப் பிரேக்கப் புடிச்சுட்டே வந்திருக்கற" என்பார்.

ஓடை வந்தது. தண்ணீர் இல்லை. படிக்கட்டை யாரோ உடைத்துக் கொட்டியதுபோல் பாறைகள். சத்யபிரியா பாறைகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு நடுவே தெரிந்த மண்ணை மட்டும் பார்த்தாள். ஒரு கல் உருண்டது. பின்சக்கரம் இடப்பக்கம் வழுக்கியது. முழங்கை பாறையில் தேய்ந்தது. கால் ஊன்றவில்லை. கடைசிப் பாறையில் சைக்கிள் கொஞ்சம் பறந்து, மணலில் இறங்கியது.

மேலிருந்து சுகன்யா கத்தினாள், "போடி, போ!"

மரவள்ளிக் காடுகள் தெரிந்தபோது மேளம் கேட்டது. அவள் மூச்சை அடக்கிக் காது கொடுத்தாள். சத்தம் நகரவில்லை. ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

அதன்பிறகு பெடல்தான்.

பந்தலுக்குள் சைக்கிளோடு நுழைந்தவளைப் பார்த்துப் பூபதி எழுந்தேவிட்டார். "நீ எப்புடி... கார் மேல போயிருக்குதே!"

"திரும்பி வரச் சொல்லுங்க சித்தப்பா."

அவர் அவளுடைய முழங்கையைப் பார்த்தார். பிறகு துண்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அப்பா பெஞ்சில் இருந்தார். தாடையைக் கட்டியிருந்தார்கள். எண்ணெய்க் கிண்ணம் பூபதியின் மனைவி சித்ராவின் கையில் இருந்தது. மகளுக்குப் பதிலாக அவள் வைப்பதாக ஏற்பாடு.

"இந்தக் கோலத்துலயா புள்ள?" என்றாள் சித்ரா. "காலெல்லாம் புழுதி. தண்ணியாச்சும் ஊத்திட்டு வரட்டும்."

அம்மா சௌந்திரம் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். காலையிலிருந்து அழுத குரல் கட்டிப்போயிருந்தது.

"அவரு இவள இதவிட மோசமாவே பாத்திருக்கறாரு. கிண்ணத்தக் குடு."

சத்யபிரியா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். கையை நீட்டினாள். விரல்கள் விரியவில்லை. பிரேக்கைப் பிடித்தவாக்கிலேயே மடங்கி நின்றன.

அம்மா கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தாள். மேளக்காரர்கள் நிறுத்திக் காத்திருந்தார்கள். கடைசியாகக் கட்டைவிரல் விரிந்ததும் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினாள்.