சொர்ணவல்லியின் பன்னிரண்டு வாக்கியங்கள்

என் வீட்டுக்காரர் நடக்கிற நடையை மறந்துவிட்டேன் என்று தமிழில் என்னால் எழுதியிருக்க முடியுமா? முடியாது. தமிழில் எழுதினால் அது புகாராகிவிடும். யாரோ படித்து, யாரிடமோ சொல்லி, மாமியார் காதுக்குப் போய்விட்டது போலவே இருக்கும். இங்கிலீஷில் எழுதியபோது அது பயிற்சிக்கு எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான். பக்கத்தில் நான்சி மிஸ்ஸின் சிவப்பு டிக் விழுந்தது. இப்போது அந்த நோட்டையே ஜெராக்ஸ் எடுக்கக் கேட்கிறார்களே.

"என்னக்கா, தருவீங்கல்ல?" என்றாள் நான்சி.

"சரிங்க மிஸ்" என்று சொர்ணவல்லியின் வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு அந்தப் பழக்கம் உண்டு.

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடையின் மாடியில் நடக்கிறது அந்த வகுப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒன்பது பெண்கள். ஆறு பேரின் கணவர்கள் வெளிநாட்டில். நான்சிக்கு இருபத்தாறு வயது. ஆவூர்ப் பக்கத்துப் பெண், இங்கே விடுதியில் தங்கியிருக்கிறாள். அவர்களை அக்கா என்பாள். அவர்கள் அவளை மிஸ் என்பார்கள்.

கட்டடத்தின் ஓனர் இந்த இரண்டு மணி நேரத்தை வேறு வகுப்புக்குக் கேட்கிறார். வீட்டுப் பெண்கள் இங்கிலீஷ் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொர்ணவல்லியின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் காட்டலாம், அடுத்த பேட்ச்சுக்கும் கொடுக்கலாம் என்று நான்சி நினைத்தாள்.

"என் நோட்ட ஒருத்தரும் கேக்கலையே" என்றாள் பக்கத்து நாற்காலி திலகவதி.

"ஒன் நோட்டுல பன்னெண்டு வாக்கியத்துலயும் ஒன் மாமியாதானே இருக்காக" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமா, சொந்த வாழ்க்கையிலேர்ந்து எழுதச் சொன்னாங்க. எனக்கு வேற என்ன வாழ்க்கை இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். சொர்ணவல்லியும் சிரித்தாள். நோட்டைப் பைக்குள் வைத்து, பையை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

அவள் இந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு போன். அவள் கணவன் அய்யப்பனுக்கு மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. போன ஆடியில், லீவை ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அய்யப்பன் சொல்ல, மேனேஜர் அவன் போனிலிருந்தே அவளைக் கூப்பிட்டுவிட்டார். அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு போனை எடுத்தாள். அவர் இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேசினார். புருஷனைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். பெரிய இடத்து மனிதர் பேசும்போது நமக்குப் புரியவில்லை என்று சொன்னால் அவருக்குக் கௌரவக் குறைவு அல்லவா. "எஸ் சார், எஸ் சார், தேங்க்யூ சார்" என்றாள்.

லீவு ஆறு மாதம் தள்ளிப் போயிற்று.

அய்யப்பன் கோபப்படவில்லை. "பரவால்ல புள்ள. மேனேஜரு ஒன்னைய ரொம்ப மெச்சிக்கிட்டாரு. இவ்வளவு மரியாதையான குடும்பத்த பாத்ததில்லைன்னாரு" என்று சிரித்தான். அவன் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். சிரித்ததால் வகுப்பில் சேர்ந்தாள்.

இந்த மாதப் பாடம், நினைப்பது, படிப்பது பற்றிய பன்னிரண்டு சொற்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதக்கூடாது என்பது நான்சியின் கண்டிப்பு. தமிழில் எல்லாவற்றையும் நினைப்பு என்ற ஒரே சொல்லில் போட்டு மூடி வைத்திருந்தவளுக்கு, அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அறையைத் திறந்துவிட்டன. 'அஸ்யூம்' என்றால் கேட்காமலே நாமாக ஒன்றை முடிவு செய்துகொள்வது. என் மீன் குழம்பு அவருக்குப் பிடிக்கும் என்று இருந்தேன், சாப்பிடும்போது நான் பேசுவதுதான் பிடிக்கும், என்று எழுதினாள். 'வொண்டர்' என்றால் விடை கைக்கு வராது என்று தெரிந்தும் யோசித்துக்கொண்டிருப்பது. அங்கேயும் அவர் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறாரா. 'லேர்ன்' வந்தபோது, யாருக்கும் சொல்லாமல் ஸ்கூட்டி ஓட்டக் கற்றேன், அவர் வந்தால் பின்னால் உட்கார வைப்பேன், என்று எழுதினாள். 'மெமரைஸ்' கடைசிச் சொல். போனில் கேட்டுக் கேட்டு அவர் குரலை மனப்பாடம் செய்துவிட்டேன். நடையை மறந்துவிட்டேன்.

எழுதி முடித்துப் படித்தபோது யாரோ ஒரு பெண்ணுடைய நோட்டு போல இருந்தது. அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் அய்யப்பன் வீடியோவில் வந்தான். "இன்னைக்கு என்ன வார்த்த, டீச்சரம்மா?"

"வார்த்த இல்லைங்க. என் நோட்ட ஜெராக்ஸ் எடுக்கக் கேக்குறாங்க."

"பெருமதானே. குடேன்."

"அதுல நம்ம விசயமெல்லாம் இருக்கு."

"நம்ம விசயமா? எனக்கு ஒரு நாளும் காட்டலையே."

"வந்ததும் காட்டலாம்னு..."

"அது சரி. எனக்கு முந்தி ஜெராக்ஸ் கடைக்காரரு படிச்சுப்புடுவாரு." வழக்கம்போல் சிரித்தான். பிறகு வேறு ஏதோ பேசினான். அவள் காதில் விழவில்லை.

மகள் காவ்யாவைச் சாப்பிட வைத்தபின், வேறு நோட்டில் புதிதாகப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுத உட்கார்ந்தாள். இங்கிலீஷ் உபயோகமான பாஷை. நான் தினமும் படிக்கிறேன். என் மகள் நன்றாக யோசிக்கிறாள். ஒன்றிலும் தப்பு இல்லை. ஒன்றிலும் ஆளும் இல்லை. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டாள். நான்சிக்கு இதைக் கொடுப்பது, விருந்தாளிக்குக் காலித் தட்டை வைப்பது மாதிரி.

மறுநாள் பத்தரைக்கே மாடி ஏறினாள். நான்சி போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொண்டாந்தீங்களாக்கா?"

அறைக்குள் மிஸ்ஸிடம் முடிந்தவரை இங்கிலீஷில்தான் பேச வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். "ஐ தாட் அபவுட் இட், மிஸ்" என்றாள்.

நான்சியின் கை நின்றது. வாக்கியம் சரியாக இருந்தது. அதற்கு அடுத்து என்ன வரப்போகிறது என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஓனர் சார் நாளைக்கு வாராருக்கா. நான் என்னத்தக் காட்டுறது?"

"நான் வாரேன் மிஸ். என்ன வேணா கேக்கட்டும். தெரிஞ்சா இங்கிலீஷ்ல சொல்றேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றேன். எஸ் சார், எஸ் சார்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

நான்சிக்கு அந்தப் போன் கதை தெரியும். சிரித்துவிட்டாள். துடைப்பானை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். விடுதிச் சாப்பாட்டில் இந்த ஒரு மாதத்தில் இன்னும் மெலிந்திருந்தாள். சொர்ணவல்லி பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள். மீன் குழம்பு; காலையில் இதற்காகவே வைத்தது.

நான்சி டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. "அக்கா, அந்தக் கடைசி ஒண்ணு மட்டும். குரலு, நட. நான் படிச்சதுலயே அப்புடி யாரும் எழுதல. பேரு இல்லாம, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கவா?"

போன் அவள் கையில் தயாராக இருந்தது. அவள் ஆசையாகத்தான் கேட்கிறாள். சொர்ணவல்லிக்கு அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இல்ல மிஸ்" என்றாள். "அவர் இன்னும் படிக்கல."